கிரகோரி அண்ணனின் வால்வு

கிரகோரி அண்ணனுக்கு நாற்பத்தொன்பது வயது. ஜொகூரில், தெப்ரா பகுதியில் ஒரு கிடங்கில் இருபத்திரண்டு வருடங்களாக ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளைப் பழுதுபார்த்தவர். நகக்கண்ணில் ஏறிய கிரீஸ் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக்கூட மசியாது. காய்ச்சலென்று ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை. லாரி லைசென்ஸைப் புதுப்பிக்க மருத்துவச் சான்று வாங்கப் போன இடத்தில், நெஞ்சில் ஏதோ ஊதுகிற சத்தம் கேட்கிறது என்று கிளினிக் டாக்டர் எங்கள் மருத்துவமனைக்கு அனுப்பினார்.

இதயத்திலிருந்து பெருந்தமனிக்கு ரத்தம் போகும் வாசலில் மூன்று இதழ்கள் இருக்க வேண்டும். அவருக்குப் பிறவியிலேயே இரண்டு. அவையும் இறுகிவிட்டன. அந்தக் குழாயில் ரத்தம் எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்று வண்ணத்தில் காட்டும் எம்.ஆர்.ஐ. படத்தை இதய டாக்டர் கேட்டிருந்தார். அந்த மெஷினை இயக்குவது என் வேலை. திருநெல்வேலியிலிருந்து ஜொகூருக்கு வந்து மூன்று வருடமாகிறது.

ஒரு புதன்கிழமை காலை அவரைப் படுக்க வைத்து, கையில் ரப்பர் பந்தைக் கொடுத்தேன்.

"பயமா இருந்தா அமுக்குங்கண்ணே. ஆடாம இருந்தா போதும்."

"பொண்டாட்டி பக்கத்துல இருபத்தஞ்சு வருஷமா ஆடாமதான் படுத்திருக்கேன். போங்க தம்பி."

முக்கால் மணி நேரம் மெஷினின் தடதடப்பைக் கேட்டுவிட்டு, காதைத் தேய்த்துக்கொண்டே எழுந்தார். "அலாமாக், உங்க மெஷினுக்கு பேரிங் போச்சு லா. பாஸ்கிட்ட சொல்லி மாத்துங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. திரையைப் பார்த்துவிட்டிருந்தேன். ரத்தம் நேராக ஏற வேண்டிய இடத்தில் ஒரு பக்கமாகப் பீய்ச்சி, குழாயின் சுவரில் சிவப்பாக மோதி, திருகிச் சுழன்றது. மோதிய இடத்தில் குழாய் வீங்கி, மூன்றரை சென்டிமீட்டர் இருக்க வேண்டியது ஐந்தேகால் அகலம் இருந்தது.

சட்டைப் பொத்தானைப் போட்டபடி அவர் என் அறைக்குள் எட்டிப் பார்த்தார்.

"இதுதான் என் குழாயா?"

"ஆமாண்ணே."

"ஹைட்ராலிக்ல வால்வு சரியா திறக்கலன்னா எண்ணெய் இப்படித்தான் ஒரு பக்கமா அடிக்கும். ஹோஸ் அங்கேயே ஊதிக்கும். அப்புறம் ஒரு நாள் பாரம் தூக்குறப்ப வெடிச்சிரும். இது அப்படியா தம்பி?"

படத்தைப் பற்றி நாங்கள் எதுவும் சொல்லக்கூடாது. டாக்டர் சொல்வார் என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிய விதி. ஆனால் எங்கள் ஊரானாலும் இங்கேயானாலும், நம் ஆட்களின் முகத்தைப் பார்த்து 'டாக்டர் சொல்வார்' என்றால், ஆள் தேறமாட்டார் என்று பொருள். அவர் முகம் மிக அருகில் இருந்தது.

"ஒண்ணுமில்லண்ணே. கவலப்படாம போங்க."

என் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்.

சீக்கிரம் அறுவை சிகிச்சை வேண்டும், அதுவரை பாரமே தூக்கக்கூடாது. இதைச் சொல்லத்தான் டாக்டர் அவரை அடுத்த புதன்கிழமை வரச் சொல்லியிருந்தார். அவர் வரவில்லை. கவுன்டரில் இருக்கும் லோஷினி போன் செய்து பார்த்தாள்.

"சிகாமட் டவுன்ல ஆத்துத்தண்ணி ஏறுதாம். மாமனார் வீட்டுக்குப் போயிட்டு இருக்காரு. 'படம் எடுத்த தம்பியே ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாரு, மழ விட்டதும் வரேன்'னு சொல்றாரு."

நானே மூன்று முறை அழைத்தேன். மறுநாளும் அழைத்தேன். லைன் கிடைக்கவில்லை. டாக்டரிடம் போய் நடந்ததைச் சொல்லியிருக்க வேண்டும். வேலை பெர்மிட் போய்விடும் என்ற பயத்தில் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை தண்ணீர் முழங்காலுக்கு ஏறியபோது, கிரகோரி அண்ணனும் மச்சான் ரொனால்டும் மாமனாரின் ஃப்ரிட்ஜை மேசைமேல் தூக்கி வைத்தார்கள். வைத்த கையோடு, முதுகை யாரோ கிழிப்பதுபோல இருக்கிறது என்று சொல்லி அந்த மேசையிலேயே சாய்ந்தாராம். மீட்புப் படகு ஆம்புலன்ஸ் நின்ற மேட்டைத் தொடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மூன்று வாரம் கழித்து அவர் மனைவி செசிலியா, மகள் சமந்தாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். அப்பாவின் வால்வு மகளுக்கும் வந்திருக்கலாம் என்று டாக்டர் அவளுக்கும் படம் எடுக்கச் சொல்லியிருந்தார்.

"அவர் சொன்ன தம்பி நீங்கதானா?" செசிலியா என் கையைப் பிடித்துக்கொண்டார். "படம் எடுத்ததுலருந்து அந்த ஒம்பது நாளும் பாடிக்கிட்டே இருந்தாரு. அதுக்கு முன்னாடி ஒரு மாசமா மனுஷன் சரியா சாப்பிடல. நீங்க சொன்னதுலதான் நிம்மதியா இருந்தாரு. ரொம்ப நன்றி தம்பி."

நான் இன்னொரு கையால் சமந்தாவின் படிவத்தை எடுத்தேன்.

"இவளுக்கும் நீங்களே எடுங்க. எடுத்ததும் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருங்க, என்ன?"

"டாக்டர் சொல்வாங்கக்கா."

என் கையை விட்டுவிட்டு, அவர் மெல்லத் திரும்பி மகளைப் பார்த்தார்.