ஒரு பெரிய டவுட்

பின்னலாடை கம்பெனியில் எனக்கு மெர்ச்சண்டைசர் வேலை. வெளிநாட்டுக்காரர்களுக்கு மெயில் அனுப்பி, அவர்கள் சொல்வதைத் தையல் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டும். எங்கள் ஊர் சேவூரிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்துபோகிறேன். வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது மாதமே, ஒற்றைச் சொல் என் வேலைக்கு வேட்டு வைக்கப் பார்த்தது.

குழந்தைகள் டீ-ஷர்ட் ஆர்டர். ஆர்டர் கொடுத்த வெளிநாட்டு பையர் அனுப்பிய அளவுப் பட்டியலில் நாலு வயதைவிட ஆறு வயதுக்கு மார்பளவு குறைவாக இருந்தது. அந்த ஊர்ப் பிள்ளைகள் வளர வளரச் சுருங்குமா என்ன? உடனே தட்டினேன்: ‘ஐ ஹேவ் எ பிக் டவுட் இன் யுவர் சைஸ் சார்ட்.’ அனுப்பிவிட்டு நிம்மதியாக டீ வேறு குடித்தேன், கிறுக்கி!

மறுநாள் மத்தியானம் பதில் வந்தது. எங்கள் அளவுகள்மேல் உங்களுக்கு அவ்வளவு பெரிய சந்தேகம் என்றால், ஆர்டரை வேறு இடத்தில் கொடுத்துக்கொள்கிறோம். இரண்டே வரி. முதலாளிக்கும் ஒரு நகல்.

பக்கத்து சீட்டு அக்காவிடம் காட்டினேன். அவர் தூத்துக்குடிக்காரர், எனக்கு சீனியர்.

“ஏட்டி, டவுட்டுன்னா நமக்குத்தான் கேள்வி. அவங்களுக்கு அது நம்பாம இருக்கதுல்லா? க்வெஸ்டின்னு போட்டிருக்கணும்.”

எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒன்றாம் வகுப்பிலிருந்து காலேஜ் வரை கையைத் தூக்கி ‘சார், ஒரு டவுட்’ என்றுதானே கேட்டேன்? ஒரு வாத்தியாராவது திருத்தினாரா? ‘எனி டவுட்ஸ்?’ என்று ஆரம்பித்து வைத்ததே அவர்கள்தான்!

அதற்குள் முதலாளி கூப்பிட்டார். “என்ன அம்மிணி, அவிங்களை நம்ப முடியாதுன்னு எழுதிப்போட்டயாமா?”

“இல்லீங்க சார். கேள்வின்னு நெனச்சு எழுதிட்டனுங்க. பட்டியல்ல நெசமாவே தப்பு இருக்குதுங்க.”

“தப்பு யாருதோ இருக்கட்டும். ஆர்டர் போச்சுன்னா நீ ஊட்டுலயே இருந்துக்க வேண்டியதுதான், கண்ணு.”

கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்தக் ‘கண்ணு’வைத்தான் தாங்க முடியவில்லை.

மன்னிப்பு கேட்டு, டவுட்டை எடுத்துவிட்டு க்வெஸ்டின் போட்டு, ஆறு முறை படித்துப் பார்த்து அனுப்பினேன். பிறகு சீட்டில் உட்கார முடியவில்லை. கட்டிங் டேபிள் வரை நடந்தேன், திரும்பினேன். நிறைந்திருந்த தண்ணீர் பாட்டிலை மறுபடி நிரப்பப் போனேன். “க்யா ஹுவா, தீதி?” என்று இந்தியில் என்ன ஆச்சென்று கேட்டாள் ஓவர்லாக் தையல் மெஷினில் இருந்த பீகார்ப் பெண். ஒன்றுமில்லை என்று தலையாட்டிவிட்டு மறுபடி மெயிலைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. பாழாய்ப்போன மனசு அதற்குள் வேலை போய் ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

ஐந்து மணிக்கு வந்தது. பட்டியலில் தப்பு அவர்களுடையதுதான். நன்றி சொல்லி, புதுப் பட்டியல் இணைத்து, வேலையைத் தொடரச் சொல்லியிருந்தார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

முதலாளியும் எங்கள் சீட்டுக்கே வந்தார். “பரவால்ல அம்மிணி, கெட்டிக்காரிதான்” என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே அக்காவின் பக்கம் திரும்பினார். “இனிமேலு இந்தப் புள்ள எழுதற மெயிலயெல்லாம் நீங்க ஒருக்காப் பாத்துட்டு அனுப்புங்க.”

அன்று வீடு திரும்பும் பஸ்ஸில் நான் கேட்காமலே ஒரு இங்கிலீஷ் வாக்கியம் மனதில் வந்து நின்றது: ‘ஹி ஹேஸ் டவுட்ஸ் அபவுட் மீ.’ அக்காவிடம் காட்டினாலும் அதில் ஓர் எழுத்தைக்கூடத் திருத்த முடியாது.