பொருட்கள் மீளப் பெறப்படும்

2023 ஒக்டோபர் 17, செவ்வாய்க்கிழமை, பின்னேரம் நாலு மணி பத்து நிமிடம். உட்துறைமுகப் பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது. மழை விழவில்லை, காற்றும் இல்லை. தங்கச்சியின் டிஸ்பென்சரியில் பதினான்கு பேர் இருந்தார்கள். அதில் மூன்று பேர்தான் டொக்டரைப் பார்க்கக் காத்திருந்தவர்கள். மற்றப் பதினொரு பேரும் பார்த்து முடித்து, நான் பில் எழுதித் தருவதற்காகக் காத்திருந்தவர்கள்.

இந்தக் கணக்கை எனக்குச் சொன்னவள் தங்கச்சிதான். டொக்டர் அவள். நான் துறைமுகத்துக் கணக்குப் பகுதியில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். ஆறு வருடமாக அவளுடைய கவுண்டரில் இருக்கிறேன். ஒரு கூட்டலை மேலிருந்து கீழே ஒருமுறை பார்ப்பேன், கீழிருந்து மேலே ஒருமுறை. இரண்டும் சரிவந்தால் மூன்றாவது தரமும் பார்ப்பேன். இரண்டு தரமும் ஒரே பிழையை விட்டிருக்கலாம் அல்லவா?

“அண்ணா,” என்றாள், “நான் ஒரு ஆளைப் பாக்க ஏழு நிமிஷம். நீங்கள் அந்த ஆளுக்குப் பில் எழுத ஒம்பது நிமிஷம். உள்ளுக்க பிறசர் குறைஞ்சு வாற சனத்துக்கு உங்களிட்ட வந்து திரும்ப ஏறுது. ஒரு சொப்ட்வெயார் எடுப்பம். நீங்களே பாத்துச் சொல்லுங்கோ.”

என் கதிரையைப் பறிக்கப்போகும் யந்திரத்தை நானே பார்த்து எடுக்க வேண்டும். கதிரை போனால் வீடுதான். வீட்டில் எனக்கு வேலை இல்லை. பருப்பை அளந்து பார்ப்பேன் என்று மனைவி குசினிக்குள் விடுவதில்லை.

முதலில் கொழும்பிலிருந்து மென்பொருள் விற்கும் ஒருவர் வந்தார். கழுத்துப்பட்டி கட்டியிருந்தார், எங்கள் ஊர் வெக்கையில் அது ஈரத் துணி மாதிரித் தொங்கியது. டொக்டர் தன் அறைக்குள் இருந்தே தொகையைத் தட்டுவாராம். நோயாளி போனைக் காட்டினால் காசு போய்விடுமாம்.

“கவுண்டர்ல ஆளே தேவையில்ல, ஐயா,” என்று நல்ல செய்தி சொல்வதுபோலச் சொன்னார்.

“கரண்ட் போனா?” என்று கேட்டேன்.

“பற்றரி இருக்கு, ஐயா.”

“பற்றரி முடிஞ்சா?”

“அதுக்குள்ள கரண்ட் வந்திடும், ஐயா.”

பொறுப்பில்லாத பதில் என்று தங்கச்சியிடம் சொல்லி அவரை அனுப்பிவைத்தேன்.

இரண்டாவதாக வந்தவர் டவுனில் கொம்பியூட்டர் கடை வைத்திருக்கும், எல்லோரும் நாநா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணர். அவருடைய மென்பொருள் ஹார்ட்வெயார் கடைகளுக்கென்று செய்தது. ஐந்து கடைகளில் ஓடுகிறதாம். தலைப்புகளை மட்டும் மாற்றிக்கொண்டு வந்திருந்தார். ஓரிரண்டை மாற்ற மறந்துவிட்டார் போலும். இருமல் பாணி என்று அடித்ததும், எத்தனை மூட்டை என்று திரை கேட்டது.

“அதைத் திருத்தித் தாறன், ஐயா,” என்றார். “யோசிச்சுப் பாத்தா ரெண்டும் ஒரே யாவாரம்தான். அங்க ஆணி, இங்க ஊசி. ஒரே ஒரு குறை என்னெண்டா, திரையில இருக்கிற எல்லாப் பெட்டிக்கையும் ஆள் இருந்து அடிக்கோணும். தானா ஒண்டும் நடக்காது.”

அந்தக் குறை எனக்கு மிகவும் பிடித்தது. விலை மலிவு, உள்ளூர் ஆள், பழுதென்றால் அரை மணித்தியாலத்தில் வந்து நிற்பார் என்று மூன்று காரணங்களைத் தங்கச்சியிடம் சொன்னேன். மூன்றும் உண்மை. நாலாவது காரணத்தை அவள் கேட்கவில்லை.

“உங்களுக்குப் பிடிச்சிருந்தாச் சரி,” என்றாள். அவள் என்னைப் பார்த்த பார்வையில், அந்த நாலாவது காரணம் அவளுக்கும் தெரியும் என்று விளங்கியது.

நவம்பர் முதலாம் திகதி தொடங்கினோம். முதல் நாளே ஒரு சிக்கல் வந்தது. எங்கள் டிஸ்பென்சரியில் ஒரு வழக்கம் உண்டு. வந்தவரின் கையில் காசு இல்லை என்று தங்கச்சிக்குத் தெரிந்தால், மருந்துத் துண்டில் தொகையை எழுதி அதன் கீழே ஒரு சின்னக் கோடு இழுப்பாள். கோட்டைக் கண்டால் நான், “அடுத்த முறை பாப்பம்,” என்பேன். அவரும், “ஓம், அடுத்த முறை,” என்று தலையாட்டிவிட்டுப் போவார். அடுத்த முறையும் அதே கோடு, அதே கதை. அந்தக் காசை நாங்கள் கேட்பதில்லை, அவர்கள் தருவதுமில்லை. சும்மா மருந்து எடுத்துப்போகிறோம் என்ற கூச்சம் இல்லாமல் அவர்கள் படியிறங்க வேண்டும், அவ்வளவுதான்.

யந்திரத்துக்கு இது விளங்கவில்லை. சைபர் என்று அடித்தால் பெட்டி சிவந்தது. ஹார்ட்வெயார் கடையில் யார் சீமெந்தைச் சும்மா கொடுப்பார்கள்? அடுத்த பெட்டியில் ‘பாக்கி’ என்று இருந்தது. தொகையை அதற்குள் போட்டேன், உடனே பச்சையானது. நல்லது என்று நினைத்தேன். அந்த மாதம் முழுவதும் கோடு விழுந்த பத்தொன்பது பேரையும் அதற்குள்ளேயே போட்டேன். மூன்று தரம் கூட்டியும் பார்த்தேன்.

டிசம்பர் முதலாம் திகதி, வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு, தானாக ஒன்றும் நடக்காத அந்த மென்பொருள் தானாக ஒன்றைச் செய்தது. பத்தொன்பது போன்களுக்கும் இப்படி ஒரு மெசேஜ் போனது: “அன்பான வாடிக்கையாளரே, தங்கள் பாக்கியை ஏழு நாட்களுக்குள் செலுத்தவும். தவறின் பொருட்கள் மீளப் பெறப்படும்.”

ஒன்பது மணிக்கு முன்னரே குறிஞ்சாக்கேணியிலிருந்து மீன் யாவாரி ஒருவர் வந்துவிட்டார். சேர்ட் பைக்குள்ளிருந்து வெறும் மருந்துப் போத்தலை எடுத்து என் முன்னால் வைத்தார்.

“போத்தல் இந்தா இருக்கு, ஐயா. கழுவித்தான் கொண்டு வந்தனான். உள்ளுக்கு இருந்த பாணி எனக்குள்ள போயிட்டு. அதையும் மீளப் பெறுறதெண்டா டொக்டரக் கத்தியோட வரச் சொல்லுங்க.”

வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே தம்பலகாமத்து விவசாயி ஒருவர் ஒரு சட்டி எருமைத் தயிரைக் கொண்டுவந்து கவுண்டரில் இறக்கினார். “இப்ப வயலுக்க தண்ணி, கையில காசில்லை. இதைப் பிடியுங்கோ, ஐயா. நெல்லு மூட்டை ஏத்த லொறி மட்டும் அனுப்பிப்போடாதேங்கோ.”

தங்கச்சி மெசேஜை வாசித்துவிட்டு, ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி மேசையில் வைத்துச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள்.

“வந்தவை பகிடியா எடுத்திட்டினம். வராதவை எப்பிடி எடுத்தவையோ தெரியாது. அண்ணா, இந்தப் பத்தொன்பது பேரும் திரும்ப இந்த வாசலுக்கு வரோணும். ஒரு ஆள் குறைஞ்சாலும் உங்கட கதிரையைத் தூக்கி உள்ளுக்க வைச்சிடுவன். கொழும்பு ஆளின்ர நம்பர் என்னட்டக் கிடக்கு.”

பகிடியாகச் சொன்னாள் என்று மனைவி சொல்கிறாள். பகிடிக்கு யாரும் நம்பரைப் பத்திரமாக வைத்திருப்பார்களா?

கொம்பியூட்டர் நாநாவைக் கூப்பிட்டு மெசேஜை நிறுத்தி, ‘இலவசம்’ என்று ஒரு பெட்டியும் போடுவித்தேன். “இவ்வளவு காலத்தில ஒரு ஹார்ட்வெயார்க்காரனும் இப்பிடியொரு பெட்டி கேக்கேல்லை, ஐயா,” என்று சொல்லிக்கொண்டே மூவாயிரத்து ஐந்நூறு ரூபாவுக்குத் துண்டு எழுதித் தந்தார். பிறகு ஒவ்வொருவராகப் போன் எடுத்தேன். ஒரு அம்மா, இதே மெசேஜ் தனக்கு முந்தி ஒரு ஹார்ட்வெயார் கடையிலிருந்தும் வந்தது என்று சொல்லி, இனிமேல் டொக்டரிடம் கம்பியும் எடுக்கலாமா என்று கேட்டார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். டிசம்பர் 12, செவ்வாய்க்கிழமை வரும்போது பதினெட்டுப் பேர் வந்து போயிருந்தார்கள்.

பத்தொன்பதாவது ஆள் தோப்பூரில் இருந்து வரும் ஒரு தாய். மூச்சிழுப்பு வருத்தம் அவளுடைய ஏழு வயது மகளுக்கு. மாதத்தில் இரண்டாவது செவ்வாய் என்றால் காலை பஸ்ஸில் வந்துவிடுவார்கள், ஒருதரமும் தவறியதில்லை. அன்று வரவில்லை. போனும் வேலை செய்யவில்லை. பின்னேரம் தங்கச்சி என் கதிரையை ஒருதரம் பார்த்தாள். ஆனால் நான் அப்போது கதிரையைப் பற்றி யோசிக்கவில்லை. பிள்ளை வாய்க்குள் அடிக்கும் மருந்துப் பம்ப் முடிந்திருக்கும். மழைக்காலம். பாக்கிக்குப் பயந்து அந்தத் தாய் பிள்ளையை இழுக்க விட்டுக்கொண்டு இருக்கிறாளோ என்று அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

அடுத்த நாள் காலை தங்கச்சியிடம் புது பம்ப் ஒன்றை வாங்கிக்கொண்டு ஓட்டோ பிடித்தேன். பஸ்ஸில் போயிருந்தால் பெரிய மிச்சம். அன்று அதைக் கணக்குப் பார்க்க மனம் வரவில்லை. கிண்ணியா தாண்டி மூதூருக்குப் போகும்வரை மழை விடவில்லை. மூதூரில் பிள்ளைக்கு நானூற்றெண்பது ரூபாவுக்கு பிஸ்கட் வாங்கினேன்.

தோப்பூரில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தபோது, வாசல் தண்ணீருக்குள் பிள்ளை சைக்கிள் ஓடிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் மணி அடித்தாள்.

தாய் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தாள். “ஐயாவா? என்ன ஐயா, இவ்வளவு தூரம்? டொக்டருக்கு ஒண்டும் இல்லையே?”

“நீங்கள் நேற்று வரேல்லை. அதுதான்…”

“ரோட்டுல தண்ணி நிண்டுது, ஐயா. பம்புல இன்னும் கொஞ்சம் கிடக்கு, அடுத்த கிழமை வருவம் எண்டு இருந்தன். சொல்லுவம் எண்டா போன் கிணத்துக்க விழுந்து ஒரு மாசமாகுது.”

அவளுக்கு மெசேஜே போய்ச் சேரவில்லை. உலகத்தில் இந்த விஷயம் தெரியாத ஒரே நோயாளிக்கு அதை எடுத்துச் சொல்ல நான் மழைக்குள் வந்திருந்தேன். சொல்லவில்லை. பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போக வந்தனான் என்று சொல்லி பம்பைக் கொடுத்தேன்.

“டொக்டர் ஆள் அனுப்பிப் பாத்திருக்கா,” என்று அவள் பக்கத்து வேலிக்குச் சொன்னாள். நான் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் அந்த ஒழுங்கைச் சனமே வந்துவிட்டது. ஒரு முழங்கால், இரண்டு இருமல், ஒரு கண். நான் டொக்டர் இல்லை என்று நாலு தரம் சொன்னேன். அடுத்த செவ்வாய்க்கிழமை தாயும் பிள்ளையும் வந்தபோது, கூடவே ஐந்து பேர் வந்தார்கள். ஐந்து துண்டிலும் கோடு.

அன்று பின்னேரம் என் செலவுத் துண்டைத் தங்கச்சியின் மேசையில் வைத்தேன். நாநாவுக்குக் கொடுத்தது, தோப்பூருக்குப் போய்வந்த ஓட்டோ எட்டாயிரத்து ஐந்நூறு, பிஸ்கட். அவள் மேலிருந்து கீழே ஒருதரம் பார்த்தாள். பேனையை எடுத்துத் தொகையின் கீழே ஒரு சின்னக் கோடு இழுத்தாள்.

“அடுத்த முறை பாப்பம், அண்ணா,” என்றாள். “நாளைக்குக் கதிரைக்கு ஒரு குஷன் கொண்டு வாங்கோ, உங்களுக்கு இடுப்பு நோகுது.”

‘அடுத்த முறை’ என்ற சொல்லுக்கு எங்கள் டிஸ்பென்சரியில் என்ன கருத்து என்று எனக்குத் தெரியும். குஷன் வீட்டில் இருந்தது, அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. மொத்தம் பன்னிரண்டாயிரத்து நானூற்றெண்பது ரூபா.