தொழில் என்ற கட்டம்

எழுபதுகளின் தொடக்கத்தில் மாண்ட்ரியலில் ஒரு மருத்துவமனையில் தட்டச்சு வேலை பார்த்தேன். நோயாளிகளின் குடும்ப விவரங்களைக் கேட்டுப் படிவத்தில் ஏற்ற வேண்டும். என்னைப் போன்ற கோபக்காரிக்கு ஆகிற வேலையே இல்லை அது.

வடக்கே காட்டுப் பகுதியிலிருந்து ஓர் அல்கொன்கின் பழங்குடிப் பெண் வந்தாள். கால் முறிந்து குணமாகியிருந்த நான்கு வயது மகளை அழைத்துப்போக வந்திருந்தாள். குடும்ப நிலவரத்தைப் பார்த்துத்தான் குழந்தையை விடுவார்களாம். பெற்றவளுக்கு இவர்கள் அனுமதி கொடுப்பதாம்.

கணவரின் தொழில் என்னவென்று கேட்டேன். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னாள்.

“குளிர்காலம் பூரா குடும்பத்தோட காட்டுல இருப்போம். அவர் மூஸ் மான் வேட்டைக்குப் போவார், பீவருக்குப் பொறி வைப்பார். முயலுக்குக் கண்ணி வைக்கிறது நான். தோலைச் சுரண்டி, புகை போட்டு, காலணி, கையுறை தைக்கிறதும் நான். பெரிய பொண்ணு தண்ணி கொண்டு வருவா. இந்தச் சின்னவகூடக் கூடாரத்துத் தரையில விரிக்க ஊசியிலைக் கிளை பொறுக்குவா.”

அத்தனையும் அடித்தேன். கட்டத்தில் இடம் போதாமல் ஓரத்திலும் ஏற்றினேன். சமூகநல அதிகாரி அம்மாள் அதைப் பார்த்தார்.

“சம்பளம் இல்லைன்னா அப்பாவுக்கு ‘வேலை இல்லை’. அம்மாவுக்கு ‘இல்லத்தரசி’. வேற தாள்ல அடி.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலு வயசுக் குழந்தை முதற்கொண்டு உழைக்கிற வீட்டில் வேலை இல்லையாம். அடிக்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன். வீட்டில் ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போடாத என் எஞ்சினியர் கணவரிடம் பொரிந்து தள்ளினேன். “உனக்கெதுக்கு இந்த வம்பு? சொன்னதை அடிச்சுக் குடுத்துட்டு வா” என்றார்.

மறுநாள் அடித்துக் கொடுத்தேன். வேலை போய்விடுமோ என்ற பயம். என் கோபத்தின் லட்சணம் அவ்வளவுதான்.

தகப்பனுக்கு வேலை இல்லை, வளர்க்க வழியில்லை என்று அந்தத் தாளை வைத்தே முடிவு செய்தார்கள். குழந்தையை பியர்பொன்ட்ஸ் என்ற புறநகரில் யாரோ ஒரு குடும்பத்திடம் வளர்க்கக் கொடுத்துவிட்டார்கள். சேதி தெரிந்ததும் அவள் நேராக என் மேசைக்கு வந்தாள்.

“நான் சொன்னதெல்லாம் எழுதினீங்களா?”

“எழுதினேன்” என்றேன். எழுதியது நிஜம். அந்த முதல் தாளைக் கிழித்துப் போட்டதும் நான்தான். அதை மட்டும் சொல்ல வாய் வரவில்லை.

“அப்ப அவங்க சரியாப் படிக்கலை. இன்னொரு தடவை படிக்கச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு, எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தாள்.