ஆடியில் முடுக்காத பரண் பலகை

திருத்தணியில் வீடு கட்டியபோது, ஓட்டுக்கூரைக்கும் ஜிப்சம் சீலிங்குக்கும் நடுவே இருந்த இடத்தைச் சாமான் வைக்கும் பரணாக்கினோம். கட்டடப் பொறியாளரான நான் மூன்றைச் சரிபார்த்தேன்: இரும்புக் குழாய்களின் இடைவெளி, பலகையின் கனம், தாங்கும் எடை. குழாய்கள்மேல் பலகைகளைப் பரப்பி, ஸ்க்ரூ முடுக்குவது மட்டும் பாக்கி இருந்தபோது ஆடி பிறந்துவிட்டது.

"ஆடியில ஆணி, ஸ்க்ரூ எதுவும் வேணாம்டி. ஆவணில முடுக்கிக்கலாம்," என்றார் அம்மா. நானும் விட்டுவிட்டேன்.

ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்க உறவினர்கள் வந்தார்கள். சமைக்கப் பெரிய அண்டாவை எடுக்க, நாங்கள் நைனா என்று அழைக்கும் அப்பா பரணில் ஏறினார். ஏணியில் நின்ற என் முன்னால் ஒரு பலகையின் முனை மெல்ல எழும்பியது. குழாயைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்த அதன் மறுமுனையில் அப்பா நின்றிருந்தார்.

"நைனா!" என்று கத்துவதற்குள் கூடத்துச் சீலிங் உடைந்து இடுப்புவரை இறங்கிவிட்டார். கைகள் மட்டும் ஒரு குழாயைப் பற்றியிருந்தன. ஓடிப்போய்த் தூக்கவும் முடியாது. மற்ற பலகைகளும் முடுக்காமல்தான் கிடந்தன.

"புடிச்சிகினு இருக்கீங்களா?"

"ஆங்... கை வழுக்குதும்மா, சீக்கிரம்!"

ஏணியோடு கூடத்துக்கு ஓடி, தொங்கிய கால்களுக்கடியில் நிறுத்தினேன். பாதம் படியைத் தேடித் தேடி, கடைசியில் ஊன்றியது.

"அண்டாவக் கேட்டா பாவா காலை அனுப்புறாரு," என்று அக்கா கணவரைக் கேலிசெய்து சிரிக்கப் பார்த்த சித்தி அழுதுவிட்டார்.

வீடு கட்டுவோரில் ஆடி போகட்டும் என்பவர்களிடம் நான் இப்போதும் வாதாடுவதில்லை. அதுவரை பலகைகளைத் தரையிலேயே அடுக்கி வைக்கச் சொல்கிறேன். மேலே பரப்பினால், அன்றே முடுக்கியாக வேண்டும்.