கழுவி வந்த தூக்கு

சோற்றுத் தூக்கைக் கழுவித் துடைத்துத் திருப்பிக் கொண்டுவருகிற ஆண்பிள்ளையை எங்கள் வீட்டில் அதற்கு முன் யாரும் கண்டதில்லை. அம்மா பூரித்துப் போனாள். அவளுக்கு ஒன்றுவிட்ட தம்பி, எனக்கு மாமா. ஊரில் பிழைப்பில்லை என்று மஞ்சள் பையோடு வந்து நின்றவருக்கு அப்பா சாப்பாடு போட்டு, மாடியில் இடம் கொடுத்து, பாண்டி பஜாரில் எங்கள் ஜவுளிக் கடையிலேயே வேலையும் கொடுத்திருந்தார். மதியம் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோய், சாயங்காலம் காலித் தூக்கோடு திரும்புவார்.

கடையை விட்டுக் கிளம்புவது யாரானாலும் அப்பாவிடம் பையைத் திறந்து காட்டவேண்டும். சித்தப்பாவுக்குக்கூட விலக்கில்லை. ஆனால் சோறு வந்த பாத்திரத்தைச் சோதிப்பது பாவம் என்பது அப்பாவின் சட்டம். தூக்கு மட்டும் ராஜா மாதிரி வெளியே போகும்.

அந்த வருடம் கடையில் பட்டுப் புடவைகள் காணாமல் போயின. பட்டுப் பிரிவைப் பார்த்துவந்தவர் ராயப்பேட்டை பாய். பழி அவர் தலையில் விடிந்தது.

"கொஞ்ச நாள் வீட்ல இருங்க பாய்" என்று அப்பா அனுப்பிவிட்டார். பாய் மகளுக்கு நிக்காஹ் பேசி முடித்திருந்த சமயம். திருட்டுப் பட்டம் வந்தால் சம்பந்தம் நிற்குமா என்று அம்மா புலம்பினாள். மாமாவும் கூடச் சேர்ந்து உச்சுக் கொட்டினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே தூக்கில் தயிர்சாதத்தோடு, மாமாவையும் கூட்டிக்கொண்டு எலியட்ஸ் கடற்கரைக்குப் போனோம்.

"சோத்துல பாச்சை உருண்டை நாறுதும்மா" என்றேன்.

அம்மா என்னைத் திட்டிவிட்டு, தானும் மோந்து பார்த்தாள். அந்த உருண்டை எங்கள் வீட்டில் கிடையாது. கடையில், பட்டு அலமாரியில்தான் போடுவார்கள். அப்பா மூடியை மோந்து பார்த்துக் கீழே வைத்தார்.

"மாப்ளே, பாய் வீடு தெரியும்லா? போய்க் கூட்டிட்டு வாங்க."

மாமா மணலில் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். வரவே இல்லை. சுண்டல் வாங்கித் தருவதாகச் சொன்னவரைத் துரத்திவிட்டார்களே என்று நான் அழுதேன்.

மறுநாள் அப்பாவே ராயப்பேட்டைக்குப் போனார், என்னையும் கூட்டிக்கொண்டு. சம்பந்தம் நின்றுபோன செய்தி அங்கேதான் தெரிந்தது. பாய் எங்களுக்கு டீ கொடுத்தார்.

"வேலைக்கு வரேன் மொதலாளி. உங்க மேல இன்னா கோவம் கீது? ஆனா தெனம் என் பைய மொதல்ல பாத்துட்டு அனுப்புங்க."

அப்படியே நடந்தது. பாய் பையைத் திறந்து, துண்டு, வெற்றிலைப் பெட்டி, குடை என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுவார். அப்பா தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்பார். திறந்து காட்டினால் பார்க்கவேண்டியதுதானே, இந்த அப்பாவுக்கு என்ன வந்தது என்று நினைத்துக்கொள்வேன்.