எதிர்க்கடைக்காரனை என்ன செய்வது?

வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்வது என் தொழில். சக்கர நாற்காலி ஓடாவிட்டால் ஆளைத் தூக்குகிற எங்கள் இடுப்புதான் போகும். அதனால் ஆஸ்பத்திரிக்குப் பின்சந்தில் நாற்காலி பழுது பார்ப்பவளை எனக்கு நன்றாகத் தெரியும். எல்லோருக்கும் அவள் 'சக்கரம்'. கணவன் விழுந்து இடுப்பொடிந்தபோது அவனுடைய நாற்காலியைப் பிரித்துப் பிரித்து மாட்டிப் பழகினாள். பிறகு அதுவே இருவருக்கும் சோறு போட்டது.

டயர், பேரிங் வாங்க அவள் பஸ் ஏறிப் பெரிய ஊருக்குப் போக வேண்டும். போகிற நாளெல்லாம் கடைக்குப் பூட்டு. கணவனைப் பார்க்கவும் ஆளில்லை.

இந்த நிலையில் எதிரிலேயே ஒருவன் அதே கடையைப் போட்டான்.

"என் வயித்துல அடிக்கன்னே வந்திருக்கான், நர்சம்மா."

அவனைத் தேடி வந்தவர்களிடம், "அந்தத் தம்பி வேலைய விட்டுட்டாரே" என்று கூசாமல் சொல்லி, நாற்காலியைத் தன் பக்கம் தள்ளிக்கொண்டாள்.

ஆனால் இரண்டு கடை இருக்கிறது என்றதும் தூரத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அதுவரை எட்டிப் பார்க்காத உதிரிபாக வண்டி, வாராவாரம் அவள் வாசலிலேயே நின்றது. பஸ் பயணம் ஒழிந்தது. அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"போட்டி வந்தா எனக்கு எப்படிம்மா வேலை கூடும்? எங்கயோ இடிக்குதே!"

எனக்கும் விளங்கவில்லை. அவளுக்கு ரத்த அழுத்தம் பார்த்தேன். அது சரியாகத்தான் இருந்தது.

போன வாரம் எதிர்க்கடைக்காரன் சாமான்களை மூட்டை கட்டினான். வேலை போதவில்லையாம். அவள் சிரிக்க வாய் திறந்த நேரம் வண்டிக்காரர் வந்து சேர்ந்தார்.

"ஒத்தக் கடைக்காக இந்தச் சந்துல வண்டியத் திருப்பிட்டு இருக்க முடியாதும்மா. அவர் போனா நானும் வரமாட்டேன்."

நேராக என்னிடம் வந்தாள். "அவன் இருந்தா பயமா இருக்கு. போனா மறுபடி பஸ்ஸு, மறுபடி பூட்டு. நான் இப்ப சந்தோஷப்படணுமா, அழணுமா?"

"எனக்கு ஊசி போடத் தெரியும். இதெல்லாம் தெரியாது" என்றேன்.

மறுநாள் நோயாளி ஒருவரின் நாற்காலியை அவளிடம் கொண்டுபோனேன். பிரேக் சிக்கிக்கொண்டிருந்தது. அவள் அதைத் தொடக்கூட இல்லை. அப்படியே தெருவைத் தாண்டி உருட்டிக்கொண்டு போனாள்.

"தம்பி, இதப் பாரு. எனக்குக் கை ஒழியல."

"நான் வேலைய விட்டுட்டேன்னு ஊரெல்லாம் சொன்னது நீங்கதானேக்கா?"

"ஆமா, சொன்னேன். இனிமே விடலன்னு சொல்றேன். போதுமா?"

அவன் திகைத்துப்போய் என் பக்கம் திரும்பினான். "இவங்களுக்கு என்னம்மா ஆச்சு?"

"தெரியல. நீ பிரேக்கைப் பாரு. அங்க ஆள் படுக்கையிலேயே கிடக்காரு."

ஸ்பேனர் மூட்டைக்குள் இருந்தது. அவன் முணுமுணுத்துக்கொண்டே கயிற்றை அவிழ்த்தான்.