நரிக்கு ரெக்கை முளைச்ச ஞாயிறு

கிரிக்கெட் நடுவரைத் திட்டுறவன் தூரத்துல இருப்பான். அட்டை ஆட்ட நடுவரைத் திட்டுறவங்க முழங்கை இடிக்கிற தூரத்துலயே உட்கார்ந்திருப்பாங்க. பஞ்சாயத்து பண்ணப் போய் ரெண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கிட்டவங்களுக்கு என் பாடு புரியும். ஆலங்காயத்துல நோட்டு, பேனா விக்கிற என் கடைக்குப் பின்னாடி, ஞாயித்துக்கிழமையானா பூதமும் டிராகனும் மோதுற அட்டை ஆட்டம் நடக்கும், நடுவர் நான்தான். எதிராளி ஒரு மிருகத்தை ஏவி விட்டா, நம்ம மிருகத்தை வெச்சுத் தடுக்கலாம். தடுக்காம விட்டா அடி நம்ம உயிர்ப் புள்ளியில விழும், புள்ளி தீர்ந்தா தோல்வி. அவ்ளோதான் ஆட்டம். தகராறு பூரா அந்தத் 'தடுக்கலாம்'லதான்.

கரடி மரமேறும்

குமார் செங்கத்துல விதைக்கடை வெச்சிருக்கார். வந்த முதல் வாரமே, பறந்து வந்த டிராகனைத் தன் கரடியை வெச்சுத் தடுக்கப் பார்த்தார். பறக்குறதைப் பறக்குறதுதான் தடுக்கும்னு விதிப் புத்தகத்தை விரிச்சுக் காட்டினேன். மனுஷன் புத்தகத்தைப் பார்க்கவே இல்ல, என்னைத்தான் முறைச்சார். "ஏங்க, தேனுக்கு மரமேறுற கரடிங்க இது, டிராகன் கொஞ்சம் தாழப் பறந்தா புடிக்காதா?"

ரெண்டு ஆள்

மல்லிகா அக்கா ஜமுனாமரத்தூர்ப் பக்கம் சாமை விதைக்கிறவங்க. புளி மூட்டையை இறக்கிட்டு பஸ்ஸுக்கு நிக்கிற நேரத்துல வேடிக்கை பார்க்க வந்தாங்க. ரெண்டே மாசத்துல ஆட வர்றவங்களையெல்லாம் தோக்கடிக்க ஆரம்பிச்சுட்டாங்க.

ஒரு நாள் எனக்கே தலை சுத்துற சிக்கல். சில மிருகத்தை ரெண்டு மிருகம் சேர்ந்தாத்தான் தடுக்க முடியும். அதுக்கு ரெக்கையும் இருந்தா? எதிர்ல நிக்கிறது ஒரு கழுகும் ஒரு எருமையும். ரெண்டும் சேர்ந்து தடுக்கலாமா, கூடாதா? அரைமணி நேரம் புத்தகத்தைப் புரட்டி, கூடாது, ரெண்டுக்குமே தனித்தனியா அதைத் தடுக்கற சக்தி இருக்கணும்னு கண்டுபிடிச்சு, பெருமையா நிமிர்ந்தேன். அக்கா அசரவே இல்ல. "இதுக்கு இன்னாத்துக்கு சார் புத்தகம்? காட்டுப் பன்னிய மடக்க ரெண்டு ஆள் வோணும், அதுல ஒருத்தன் பரண் மேலயே குந்திக்கினு இருந்தா ரெண்டு ஆளா ஆவுமா?"

முடிஞ்சா

கடைசி ஆட்டம். ஜெயிக்கிற ஒருத்தருக்குத்தான் சென்னைப் போட்டியில இடம். "ஜெயிச்சா சென்னை, தோத்தா இதோட அட்டையை மூட்டை கட்டிட்றேன்னு வூட்டுல சொல்ட்டு வந்துட்டேன் சார்"னு அக்கா காலையிலயே சொல்லியிருந்தாங்க. எதிர்ல குமார். கரடிக் காலமெல்லாம் மலையேறிப் போச்சு, இப்ப அவருக்கு விதியெல்லாம் தலைகீழ்ப் பாடம்.

அக்காவுக்கு மிச்சம் ரெண்டே உயிர்ப் புள்ளி, ரெண்டே எருமை. குமார் ஒரு யானையையும் ஒரு சின்ன நரியையும் ஏவினார். நரி மேல ஒரு மந்திர அட்டை: 'எதிராளியின் மிருகங்கள் எல்லாம், முடிஞ்சா, இதையே தடுக்கணும்.' எருமை ரெண்டும் நரி பின்னாடி போயிடும், யானை நேரா உள்ள வந்து மிதிச்சிடும். நடுவர் பக்கம் சாயக் கூடாதுதான். ஆனா என் மனசு அக்கா பக்கம் போயிடுச்சு.

அக்கா கையில இருந்தது ஒரே அட்டை. ரெக்கை முளைக்க வைக்கிற அட்டை. அதை எடுத்துக் குமாரோட நரி மேல வெச்சாங்க. எதிராளிக்கு யாராவது ரெக்கை குடுப்பாங்களா! குமார் சிரிச்சார். பதட்டத்துல கை மாறி வெச்சுட்டாங்கன்னுதான் நானும் நினைச்சேன். அப்புறம்தான் எனக்கு உறைச்சுது. நரி இப்ப பறக்குது. எருமையால பறக்குறதைத் தடுக்க முடியாது. முடியாதுன்னா கட்டாயமும் இல்ல. அடேங்கப்பா! எருமை ரெண்டும் இப்ப யானையைத் தடுக்கலாம்.

"தடுத்தே ஆவணும்னு போட்டிருக்கே!"ன்னு குமார் எழுந்துட்டார். அட்டையை மூணு தடவை படிச்சேன். 'முடிஞ்சா'ன்னுதான் இருக்கு, செல்லும்னு சொல்லிட்டேன். எருமை ரெண்டும் சேர்ந்து யானையைச் சாய்ச்சுது. நரி கடிச்சதுல ஒரு புள்ளி போச்சு, ஒண்ணு நின்னுது. அடுத்த முறையில அக்கா ஆட்டத்தை முடிச்சாங்க. அப்பவும் குமார் அந்த அட்டையையே பார்த்துட்டு நிக்க, அக்கா பையைத் தோள்ல மாட்டிக்கிட்டே சொன்னாங்க: "முடிஞ்சா வர்றேன்னு சொல்ட்டுப் போனவங்கள யாருனா பந்தியில தேடுவாங்களாங்க?"

விதியை மதியால வெல்லலாம்னு சொல்வாங்க. மல்லிகா அக்கா விதியை வெச்சே ஜெயிச்சுட்டாங்க, மதி மயங்கி நின்னது விதிப் புத்தகமும் கையுமா இருந்த நான்தான்.